தோப்புத் தெருவுக்குத் திருப்பிக் கொடுத்த நோன்பு

என் மகள் பிரிசில்லாவுக்கு,

அடுத்த அறையிலிருந்து அப்பா எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். நேரில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீ குறுக்கே விழுவாய், நீ முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுவேன், கடைசியில் உன் அம்மா வந்து "சாப்ட்டுட்டு சண்ட போடுங்க" என்று இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போவாள். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேசினாலும் என் காதில் விழாது. எனக்கு அந்த வசதி போதும்.

நாளைக்குக் கோடை முகாமுக்குப் புறப்படுகிறாய், இந்த முறை தலைவியாக. எனக்குச் சந்தோஷம். ஆனால் சாயங்காலம் நீ போனில் அந்தப் பையன்களையும் பெண்களையும் போட்டு வறுத்தெடுத்ததை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நேரத்துக்கு வர முடியாதவர்கள் எதற்குப் பெயர் கொடுத்தீர்கள் என்றாய். பாட்டுப் பழகியது போதும், பாய்களை யார் கொண்டுவருகிறார்கள் என்றாய். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் மொத்தத்தையும் நானே தனியா பண்ணிடுவேம்பா, இவங்க யாரும் வேணாம்" என்றாய். நான் சிரித்தேன். உனக்குக் கோபம் வந்தது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொன்னேன். சொன்ன வேகத்தில் செய்தும் காட்டினேன். அதனால் ஒரு தெருவே வாயில் போட்டதைத் துப்ப முடியாமல் விழித்தது. அந்தக் கதையை உன் அம்மா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கும்போது நீ துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய். முழுசாக நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், நோன்பு மாதம் கத்திரி வெயிலில் வந்த ஒரு வருஷம். எனக்கு அப்போது உன் வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஆம்பூருக்கு வெளியே ரவூஃப் சாயபுவின் தோல் ஆலையில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தேன். டிரம், பம்பு, மோட்டார், பெல்ட்டு எல்லாம் என் பொறுப்பு. தோல் ஆலையில் நேரம் என்பது விளையாட்டு இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் கிடக்க வேண்டிய நேரத்துக்கு மேல் கிடந்தால் வெந்துபோகும், ஏற்றுமதிக்குப் போகவேண்டியது குப்பைக்குப் போகும். அதனால் எனக்குக் கடிகாரம்தான் வேதம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசங்கம் நீண்டாலும் சபைப் போதகர் ஐயரைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மரியாதை தெரியாதவன் என்று சிலர் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகளெல்லாம் சேர்ந்து மே மாதத்தில் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தும். நடத்தியது ஞானம் அக்கா. வேலூரில் பள்ளிக்கூடத்து டீச்சர், கறாரானவர், ஆனால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இடம் கொடுத்தது என் முதலாளி ரவூஃப் சாயபு. ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு மாந்தோப்பு. அதில் முன்பு தோல் காயவைத்த நீளமான கொட்டகை இரண்டு காலியாக இருந்தன. ஞானம் அக்கா அவருடைய பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, வருஷா வருஷம் தோப்பு எங்களுடையது, வாடகை என்ற பேச்சே கிடையாது. கொட்டகையில் பழைய தோல் வாசனை விடாது. வேலூர்ப் பிள்ளைகள் முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாய் விரிக்கும். ஆம்பூர்ப் பிள்ளைகள், "என்னா வாசனை? எங்க?" என்று கேட்கும். தோப்புக்குப் பின்பக்கம் ஒரே ஒரு தெரு, தோப்புத் தெரு. பெரும்பாலும் எங்கள் ஆலையிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிற முஸ்லிம் குடும்பங்கள். என் தோஸ்த் யூசுப், பாய்லர் பார்ப்பவன், அந்தத் தெருவில்தான் இருந்தான்.

முகாமில் சம்பளத்துக்கு யாரும் இல்லை. டைப்பிஸ்ட், நர்ஸ், கல்லூரிப் பையன், குடியாத்தத்தில் லுங்கிக்கடைக் கணக்கு எழுதுபவன் எல்லோரும் லீவு போட்டுவிட்டு வருவார்கள். வந்து சேர்ந்த அன்றே எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன், அக்கா. உன் அம்மா காவேரிப்பாக்கத்திலிருந்து சமையலுக்கு வந்திருந்தாள், என்னையும் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். அதை மாற்ற எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது, அது வேறு கதை. காலையில் ஆளுக்கொரு மரத்தடியில் வேதத்தோடு அமைதி வேளை, பிறகு கஞ்சி, பாட்டு, பாடம், குழுக்குழுவாகத் தட்டுக் கழுவுதல், மனப்பாட வசனம், விளையாட்டு. எல்லாம் நல்லதுதான். எதுவும் நேரத்துக்கு நடக்காது. தண்டவாளத் துண்டு ஒன்றைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு அதைத் தட்டுவார்கள். தட்டுபவருக்கு மட்டும்தான் அது கேட்கும். பாட்டு எடுத்த எட்வின், அந்தக் குடியாத்தத்துக்காரன், கடைசிச் சரணத்துக்குப் பிறகும் இன்னொரு சரணம் கண்டுபிடிப்பான். "முடிடா" என்றால், "நடுவுல நிறுத்துனா ஆண்டவருக்கே புடிக்காதுண்ணே" என்பான். பாட்டு முடியும்போது பாடத்துக்கு நேரம் இருக்காது. சோறு வரும்போது தட்டு ஈரமாக இருக்கும். ஞானம் அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"தம்பி, இது முகாம்பா. ஷிப்ட்டு இல்ல."

"ஷிப்ட்டா இருந்தா இன்னேரம் பாதிப் பேருக்கு சம்பளம் கட் ஆயிருக்கும்க்கா."

"சம்பளமே இல்லாதவங்களுக்கு எதப்பா கட் பண்ணுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "இவங்க யாரும் வேணாம்க்கா, நானே தனியா சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார், உன் வாக்கியம்.

ஆலையில் பழைய சாமான் அறையில் ஒரு சங்கு கிடந்தது. ஷிப்ட்டு மாறும்போது ஊதுகிற மோட்டார் சங்கு. முதலாளி புதுசு வாங்கியபோது பழைய இரண்டைக் கழற்றினார்கள். ஒன்றைத் தோப்புத் தெருப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார், நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஊத. மற்றது மோட்டாருக்குள் செம்புக்கம்பிச் சுற்று எரிந்துபோய்க் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, புதுக் கம்பி சுற்றி, எண்ணெய் போட்டு, தோப்பில் பம்புசெட் அறையின் மேல் பூட்டினேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே குரல். எனக்கு அது தெரியும். நோன்பு மாதம் என்பதும் தெரியும். ஆலையில் யூசுப் டீக்கு வராததை நான்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேனே. எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் வைத்துப் பார்த்திருப்பார்கள். தனியாகச் செய்கிறவனுக்குக் கேட்க ஆள் ஏது?

"ஒரு நாள் ஊதிப் பாரு" என்று அக்கா அரைமனதாகச் சொன்னார். காலையில் ஊதினேன். படுத்திருந்தவர்களெல்லாம் வாரிச்சுருட்டி எழுந்தார்கள். என் காதுக்கு அமிர்தம்! மத்தியானம் சாப்பாட்டுக்கு ஊதினேன். ஆம்பூர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் சாப்பாட்டுக் கொட்டகைக்கு வராமல் கேட்டைப் பார்த்து ஓடின. ஏன் தெரியுமா? வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அப்பாவுக்குத் தூக்குவாளி எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடிப் பழக்கம். கேட்டுக்குப் போய்த்தான் கையில் தூக்குவாளி இல்லை என்று நினைவு வந்து நின்றன. உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஞானம் அக்கா மட்டும் சிரிக்காமல், "உன் சங்குக்கு இந்த ஊர்ல வேற அர்த்தமும் இருக்கு போல. பாத்துக்கப்பா" என்றார். நான் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வானம் மூடிக்கொண்டு வந்தது. கோடை மழை வருகிற மாதிரி இருட்டு, தெருப் பக்கமாகக் காற்று. பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் விளையாட்டு முடிய வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஊதினேன். பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து, குழுக்குழுவாக, கோடு போட்ட மாதிரி நின்றன. எட்வின்கூட வாயை மூடிக்கொண்டு நின்றான். அந்தச் சில நிமிஷங்கள் எனக்கு இருந்த பெருமை, பிறகு உன்னைக் கையில் வாங்கியபோதுதான் மறுபடி வந்தது. அப்போது மாமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு சங்கு ஊதியது. அதே குரல். கூடவே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு.

"அண்ணே, எதிரொலி சூப்பரா வருதுண்ணே" என்றான் எட்வின்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது எதிரொலி இல்லை, பள்ளிவாசல் சங்கு.

முதலில் வந்தது யூசுப். சைக்கிளைக் கேட்டில் போட்டுவிட்டு, இன்னும் எதையோ மென்றுகொண்டே ஓடிவந்தான். "டேய், நீயாடா? நீயாடா ஊதுன? அர வட துண்ணுட்டன்டா! கஞ்சி குடிச்சிட்டன்டா! அப்புறம் ஊதுறான்டா நெஜ சங்கு!" தலையில் அடித்துக்கொண்டான், சிரிப்பையும் அடக்க முடியவில்லை அவனுக்கு. ஆனால் பின்னாலேயே வந்தவர்கள் சிரிக்கவில்லை. ஆண்கள் ஒரு கூட்டம். அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் ஜுபேதா அக்கா. ஷூ கம்பெனியில் தையல் செக்ஷனுக்கே சூப்பர்வைசர். அவர் கத்தினால் மிஷின்கள் தானாக நிற்கும் என்று சொல்வார்கள்.

"யாருப்பா சங்கு ஊதுனது?"

"நான்தான்."

கையை நீட்டினார். "என் நோன்ப திருப்பிக் குடு."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? உனக்கே தெரியும். நான் சொன்னதைக் கேள். "அக்கா, அது எங்க புள்ளைங்களுக்கு ஊதுனது. நீங்க ஒரு தபா கடிகாரத்தப் பாத்திருக்கலாம்ல?"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல, இந்த கத்திரி வெயில்ல. மிஷினு மேல உக்காந்து வேல செஞ்சுட்டு வந்து, கண்ண மூடிக்கினு சங்கு எப்ப ஊதும்னு காத்துக்கினு இருக்கேன். இவன் என்ன கடிகாரம் பாக்கச் சொல்றான்."

கூட்டம் சூடாகிவிட்டது. தெரியாமல் செய்தார்களா, கேலிக்குச் செய்தார்களா என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது, ஏனென்றால் நான் பேசிய பேச்சைக் கேட்டால் யாருக்கும் கேலிக்குத்தான் என்று தோன்றும். "தோப்ப காலி பண்ணச் சொல்லுங்க, முதலாளிகிட்ட போலாம்" என்று பின்னாலிருந்து குரல்கள். எங்கள் பின்னால் பிள்ளைகள் அதே ஒழுங்கான வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. முகாம் தொடங்கி அப்போது பாதிகூட ஆகவில்லை. பல பிள்ளைகளுக்கு வருஷத்தில் வீட்டை விட்டு வெளியே வருவது அந்த ஒரு தடவைதான். ஞானம் அக்கா வேகமாக வந்து எனக்கு முன்னால் நின்றார். "தப்பு எங்களுது. வேற பேச்சே இல்ல. காலைல முதலாளி வீட்டுக்கு வர்றோம். அவரு என்ன சொன்னாலும் சரி." 'எங்களுது' என்றார். 'இவனுது' என்று சொல்லவில்லை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு நாங்களெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்தோம். யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. சங்கை நானே ஏறிக் கழற்றிவிட்டு வந்து, "நான் இப்பவே கிளம்புறேன். என்ன அனுப்பிட்டோம்னு தெருவுல சொல்லிடுங்க, முகாம் நடக்கட்டும்" என்றேன்.

ஞானம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தனியா பண்ண. போறதும் தனியாவா?"

"போறதுன்னா எல்லாரும் போலாம்ணே. ஒரே லாரி, வழியெல்லாம் பாட்டு" என்றான் எட்வின். உன் அம்மா, "அண்ணன் போய்ட்டா காலைல மோட்டார யாரு போடுவாங்க? தண்ணி இல்லாம நான் கஞ்சி வைக்கணுமா?" என்றாள். என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, கஞ்சியைக் காப்பாற்றச் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கிறேன். கஞ்சியை என்கிறாள்.

காலையில் அக்காவும் நானும் முதலாளி வீட்டுக்குப் போனோம். அவர் வீடு தோப்பின் மறுகோடி. என்னைப் பார்த்ததும் கேட்டார், "அந்த சங்கு எரிஞ்சு போனதாச்சே? நீயா ரிப்பேர் பண்ண?"

"ஆமாங்க."

"நல்லா பண்ணிருக்க. நானும் பேரீச்சம்பழத்த முழுங்கிட்டேன்."

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவர் ஞானம் அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னார். "பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டேன் டீச்சர். தெரியாம நடந்ததுல பாவம் இல்ல. ஆனா நேத்து பிடிச்ச நோன்பு நோன்பா ஆகாது, பெருநாளுக்கு அப்புறம் இன்னொரு நாள் பிடிக்கணும்னாரு. என் பங்குக்கு நான் பிடிச்சுக்கறேன். ஆனா தோப்புதான் என்னுது, தெரு என்னுது இல்ல. அவங்க இருக்கட்டும்னு சொன்னா இருங்க. வேணாம்னா லாரி நானே அனுப்பறேன்."

ஆக, வீடு வீடாகப் போக வேண்டும். எனக்கு இதைவிடக் கஷ்டமான தண்டனை கிடையாது. ஒரே தடவை மைக்கில் சொல்லிவிடலாமே என்றேன். அக்கா ஒரு பார்வை பார்த்தார். "வா. ஒரு நிபந்தனை. 'ஆனா'ங்கற வார்த்த உன் வாயில வரக் கூடாது." யூசுப் வழிகாட்ட, முதல் வீட்டுக் கதவுத் திரைக்கு முன்னால் நின்று, "தப்பு என்னுதுதாங்க, ஆனா..." என்று தொடங்கினேன். முழங்கைக்கு மேல் அக்கா கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றியிருந்தது. இரண்டாவது வீட்டில் 'ஆனா' வரவில்லை. மூன்றாவது வீட்டில் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "சங்கு வந்துக்குது பாரு!" என்று உள்ளேயிருந்து சத்தம், கூடவே பெண்களின் சிரிப்பு. ஒரு வீட்டில் பெரியவர் நான் பேசுவதை முழுசாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, எரிஞ்ச மோட்டார ஓட வெக்கிறியாமே? இந்த பேனு ரெண்டு மாசமா சுத்தல, பாரு" என்று கழற்றிக் கையில் கொடுத்தார். இன்னொரு வீட்டில் ஒருவர் எங்களை உட்கார வைத்து, கேலிக்குச் செய்யவில்லையே என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாக, மகளே, அவசரப்படாமல் ஒருவரை என் முகத்தைப் பார்க்க விட்டது அதுதான் முதல் தடவை. "சரி போ" என்றார்.

கடைசியில் ஜுபேதா அக்கா வீடு. அவர் சொல்வதைத்தான் தெரு கேட்கும் என்று யூசுப் வழியெல்லாம் பயமுறுத்திக்கொண்டு வந்தான். வாசலிலேயே நிறுத்தினார்.

"தப்பு என்னுதுக்கா" என்றேன். அத்தோடு நிறுத்தினேன்.

"கடிகாரம் எங்க?"

"கட்டல."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "கேளு. ரம்ஜான்ல நோன்பு பிடிக்கிறது ஜாஸ்தி கஷ்டம் இல்ல. ஊரே பட்டினி, யாரும் எதிர உக்காந்து துண்ண மாட்டாங்க. பெருநாள் முடிஞ்சு ஊரே துண்ணுக்கினு இருக்கும்போது, ஒத்தத் தெரு மட்டும் வாயக் கட்டிக்கினு இருக்கணும். அது எவ்ளோ பேஜாருன்னு உனக்குத் தெரியணும். அன்னிக்கி எங்க கூட நீயும் பிடி."

"பிடிக்கறேன்."

"வாயில சொல்லிட்டு போய்டுவ."

"நான் காவல் இருக்கேன்க்கா" என்றான் யூசுப். "டீக்கடப் பக்கம் திரும்பினான்னா கால ஒடிச்சிட்றேன்."

அவர் எங்களைத் தாண்டித் தோப்பைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் எட்வின் பிள்ளைகளோடு கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தான், வழக்கம்போல முடியாத பாட்டு. "தோப்புலயே இருந்துக்கங்க. பாவம், புள்ளைங்க என்னா பண்ணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முகாம் நடந்தது. அதன் பிறகு எங்கள் சாயங்கால விளையாட்டு பள்ளிவாசல் சங்கு ஊதும்போது முடிந்தது. எங்களுக்குத் தனியாக எதுவும் ஊதத் தேவைப்படவில்லை. தெருவிலிருந்து ஒரு நாள் பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி வந்தது. தோல் வாசனை பிடிக்காத வேலூர்ப் பிள்ளைகள் அந்தக் கஞ்சியை மூன்றாவது தடவையும் வாங்கிக் குடித்தன. எட்வின் அப்போதும் கூடுதல் சரணம் பாடினான், சோறு அப்போதும் ஆறித்தான் வந்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. தண்டவாளத் துண்டைத் தட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வெறியோடு தட்டினேன்.

முகாம் கலைந்து எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பெருநாள் வந்து போனது. தெருவில் பேசி ஒரு நாளைக் குறித்துவிட்டு யூசுப் வந்து சொன்னான். ஞானம் அக்காவுக்கு ஒரு கார்டு போட்டு அந்தத் தேதியைத் தெரிவித்தேன். விடியலுக்கு முன்னால் அவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். முற்பகல் வரை தைரியமாகத்தான் இருந்தேன். பிறகு ஆலை முழுக்க டீ வாசனை. பாய்லர் பக்கத்தில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஒரு பெல்ட்டைத் தப்பாகப் போட்டதற்காக உதவியாள் மேல் நான் கத்திய கத்தலில் டிரம் சத்தமே அடங்கிப்போயிருக்கும். யூசுப் வந்து தோளைத் தட்டினான். "தோஸ்த், நோன்பு வாய்க்கு மட்டும் இல்லடா. உள்ள போற வழியையும் கட்டணும், வெளிய வர்ற வழியையும் கட்டணும்." அப்படியென்றால் எனக்கு இது இரட்டை நோன்பு என்றேன். "தெரிஞ்சுதான் அக்கா குடுத்துக்குது" என்றான்.

சாயங்காலம் தெருவில் பள்ளிவாசலுக்கு வெளியே பாய் விரித்திருந்தார்கள். முதலாளியும் வந்து எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தார். பெண்கள் எதிர் வீட்டு முற்றத்தில். எனக்கு முன்னால் பேரீச்சம்பழம், வடை, கஞ்சி. நான் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் எட்வினின் குரல் கேட்டது. முதலில் பசி மயக்கம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஞானம் அக்கா, பின்னால் நர்ஸ், டைப்பிஸ்ட், உன் அம்மா, துணைக்கு வந்த அவள் தம்பி, முகாமின் மொத்தக் கூட்டமும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் புழுதியோடு ஓடிவருகிறது. வேலூரிலிருந்து, குடியாத்தத்திலிருந்து, காவேரிப்பாக்கத்திலிருந்து. வழக்கம்போல லேட்டு. எல்லோரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"தனியா பிடிக்க விட்ருவோம்னு நெனச்சியா?" என்றார் ஞானம் அக்கா.

"பள்ளிகொண்டா ஸ்டாப்புல பஜ்ஜி போட்டாங்கண்ணே. கண்ண இறுக்கி மூடிக்கினு, தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடிட்டேன்" என்றான் எட்வின். பஸ்ஸில் வந்தவர்கள் பாவம்.

தெருவே இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு பாங்கு ஒலித்தது. எல்லோர் கையும் வாய்க்குப் போனது, என் கை மட்டும் போகவில்லை. பழத்தை விரலில் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்க்கிறேன். நேரம் ஆகிவிட்டதா, நிஜமாகவே ஆகிவிட்டதா? இதுவும் வேறு எவனாவது அவசரக்காரன் செய்த வேலையாக இருந்தால்? யூசுப் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளியை இடித்தான். முதலாளி சிரித்த சிரிப்பில் கஞ்சி புரையேறியது. "துண்ணுப்பா சங்கு, இது நெஜம்!" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது. எதிர் முற்றத்தில் உன் அம்மாவும் சிரித்தாள். அப்போதுதான் சாப்பிட்டேன்.

கலைகிற நேரத்தில் ஜுபேதா அக்கா கூப்பிட்டார். "என் நோன்பு வந்து சேந்துச்சு. நமக்குள்ள ஒண்ணும் இல்ல."

"சரிக்கா."

"நீ பிடிச்சியே ஒண்ணு, அது யாருக்கும் குடுக்க வேண்டியது இல்ல. உனக்கு மிச்சம். வெச்சுக்க. உன் வாய்க்கு ஆவும்."

வைத்துக்கொண்டேன், மகளே. ஆலையில் ஆட்கள் தாமதமாக வந்த நாட்களில் அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருக்கிறேன். உன் அம்மாவைப் பெண் கேட்கப் போன வீட்டில் உன் தாத்தா என்னைக் காலையிலிருந்து மத்தியானம் வரை காக்க வைத்தபோது நிறையவே எடுத்தேன். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வருஷங்களில் கிட்டத்தட்ட அடி தட்டிவிட்டது. இருந்தாலும் கொஞ்சம் மீதி இருக்கிறது, சாயங்காலம் நீ போனில் கத்தியபோது நான் குறுக்கே வராமல் இருந்தேனே, அது அதிலிருந்துதான். மீதியை உனக்குத் தருகிறேன். நாளைக்கு அந்தப் பையன்கள் லேட்டாகத்தான் வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர்களுக்காக நிற்கும்போது எடுத்துக்கொள்.

அப்பா